மீட்பு என்ற சொல்லின் பொருள்: றொபின்சன் குரூசோவின் மனமாற்றம்

ஆட்டுத்தோல் உடை, பேசும் கிளி, மணலிலே பதிந்த ஒற்றைக் காலடி. றொபின்சன் குரூசோ என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன இவைதாம். பள்ளிப் பருவத்தில் நாம் படித்த சுருக்கப் பதிப்புகள் தந்த நினைவு அது. அப்பதிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. காய்ச்சலில் கிடக்கும் குரூசோ வேதாகமத்தைத் திறந்து, மண்டியிட்டு அழும் பகுதியே அது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு சாகசக் கதை மட்டுமே. டானியல் டீபோ எழுதியதோ ஒரு பாவியின் மனமாற்ற வரலாறு.

இந்நாவல் 1719 ஏப்ரல் 25ஆம் திகதி இலண்டனில் வெளியாயிற்று. அப்போது டீபோ அறுபது வயதை அண்மியிருந்தார். அரசின் திருச்சபையோடு இணங்காத பிரிவினரின் குடும்பத்திலே பிறந்தவர் அவர். சமய போதகராவதற்கென்று கல்வி பெற்றும் வணிகத்தையே தேர்ந்தவர். சமயப் பிணக்கினை அங்கதமாக எழுதிய குற்றத்துக்காக 1703இல் பொதுமக்கள் முன் தண்டமரத்தில் நிறுத்தப்பட்டவர். அவருடைய சமயப் பிரிவினரிடையே தம் ஆன்மாவின் கதையைத் தாமே எழுதிவைக்கும் மரபொன்று இருந்தது. 1666இல் ஜோன் பனியன் எழுதிய தன்வரலாறு அதற்குச் சிறந்த சான்று. பாவம், எச்சரிக்கை, நோய், மனந்திரும்பல், அருள் என்பது அம்மரபின் ஒழுங்கு. குரூசோவின் கதை இவ்வொழுங்கிலேயே நடப்பதை 1960களில் ஸ்டார், ஹண்டர் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினர்.

நடுத்தர வாழ்வின் அமைதியை விட்டுப் போகாதே என்று தந்தை கண்ணீரோடு சொல்லியும் கேளாமல் கடலேறுகிறான் மகன். முதற் புயலிலே, ஊதாரி மைந்தனைப்போல வீடு திரும்புவேன் என உறுதி கொள்கிறான். கடல் அடங்கியதும் மறந்துவிடுகிறான். அடுத்த கப்பலும் மூழ்கியபோது, அதன் தலைவர் இவனை யோனாவுக்கு ஒப்பிடுகிறார். இறைவனின் கட்டளைக்கு மறைந்தோடிக் கப்பலிலிருந்தோர் அனைவருக்கும் ஆபத்தைக் கொணர்ந்த யோனாவை வேதாகமம் அறிந்த வாசகர் உடனே நினைப்பர்.

தீவிலும் குறியீடுகள் தொடர்கின்றன. அவன் பிறந்தது 1632 செப்டெம்பர் 30. கரையொதுங்கியது 1659இல் அதே செப்டெம்பர் 30. பழைய மனிதன் இறந்து புதியவன் பிறக்கவேண்டிய நாள் என்பதே இதன் உட்கிடை. நாட்களை எண்ணுவதற்காக அவன் கடற்கரையில் நட்ட கம்பம் சிலுவை வடிவானது. ஆனால் அன்று அது அவனுக்கு வெறும் நாட்காட்டியே. உதறிய பையிலிருந்து விழுந்த வாற்கோதுமை முளைத்தபோது அற்புதமென வியக்கிறான். காரணம் நினைவுக்கு வந்ததும் நன்றியுணர்வு குன்றிவிடுகிறது. அடையாளங்கள் சுற்றிலும் நிற்கின்றன. அவற்றை வாசிக்கும் கண்தான் அவனுக்கு இன்னும் திறக்கவில்லை.

அக்கண்ணைத் திறந்தது நோய். 1660 யூன் மாதம் குளிர்காய்ச்சலில் வீழ்ந்தவன், கருமேகத்திலிருந்து நெருப்பு உருவாய் இறங்கும் ஒருவனைக் கனவில் காண்கிறான். பிறேசிலில் மருந்தாகப் பயன்பட்ட புகையிலையைத் தேடிப் பெட்டியைத் திறந்தால், புகையிலையோடு வேதாகமமும் கிடைக்கிறது. உடலுக்கும் ஆன்மாவுக்குமான மருந்து ஒரே பெட்டியில்! தற்செயலாக விரிந்த பக்கம் 50ஆம் சங்கீதம். துன்பநாளில் கூப்பிடுவோரை விடுவிப்பதாக இறைவன் வாக்களிக்கும் இடம். இத்தீவிலிருந்து என்னை மீட்க இறைவனால் முடியுமா என்பதே அவனுடைய முதற் கேள்வி. சில நாட்களின் பின் புதிய ஏற்பாட்டைப் படிக்கையில் மீட்பு என்ற சொல்லே பொருள் மாறுகிறது. தீவிலிருந்து தப்புவதன்று, பாவச்சுமையிலிருந்து தப்புவதே மீட்பு என உணர்கிறான். நாவலின் உயிர்நிலை இதுவே.

இதன்பின் அவன் ஞானியாகிவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு காலடித் தடத்தைக் கண்டதும் நம்பிக்கை முழுவதும் அச்சத்தில் கரைந்துபோகிறது. கடவுள் வல்லவரென்றால் பிசாசை ஏன் கொன்றுவிடவில்லை என்று பிறைடே கேட்கும்போது விடைதெரியாமல், முதலில் காதில் விழாததுபோல் பாவனை செய்கிறான். பின் அவனை எதற்கோ தூர அனுப்பிவிடுகிறான். இத்தகைய தடுமாற்றங்களாலேயே அவனது மனமாற்றத்தை நாம் நம்ப முடிகிறது.

இக்கதையோடு நம் நாட்டுக்கும் ஓர் உறவுண்டு. குரூசோ கரையொதுங்கிய அதே 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, செப்பனிடுவதற்காகக் கொட்டியார்க் குடாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கியவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். காய்ச்சலால் நலிந்திருந்த வேளையில் தந்தையை இழந்தவர். பின்னர் ஒரு முதியவரிடமிருந்து நூல் தொப்பிக்கு மாற்றாக ஆங்கில வேதாகமம் பெற்று ஆறுதல் அடைந்தவர். அவரது நூல் 1681இல் வெளியாயிற்று. 1720இல் எழுதிய மற்றொரு நாவலில் டீபோ அதனை வெளிப்படையாகவே பயன்படுத்தினார். குரூசோவின் உருவாக்கத்திலும் அலெக்சாந்தர் செல்கேக்குடன் நொக்ஸுக்கும் பங்குண்டென ஆய்வாளர் சிலர் கருதுவர்.

இனி, கேட்காமல் விடமுடியாத கேள்வி ஒன்று. குரூசோவின் கப்பல் உடைந்தது எந்தப் பயணத்தில்? கினியாவிலிருந்து அடிமைகளைக் கொணரப் புறப்பட்ட பயணத்தில். அதற்கு முன்பே, தன்னோடு தப்பிவந்த சூரி என்ற சிறுவனை அறுபது வெள்ளி நாணயங்களுக்கு அவன் ஒரு கப்பற் தலைவனிடம் கொடுத்துவிட்டான். சிறுவன் கிறிஸ்தவனானால் பத்து ஆண்டுகளில் விடுதலை என்பது ஒப்பந்தம்! பின்னர் அவன் அதற்கு வருந்தியது தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான். தந்தைக்குக் கீழ்ப்படியாமையைப் பாவமென்றான். இருந்த செல்வத்தை விட்டுப்போனதை மடமையென்றான். மனிதரை விற்றதைப் பாவமென்று அவன் சொல்லவில்லை. இருபது ஆண்டுச் சிறையை அனுபவித்த நொக்ஸும் பின்னாளில் மடகஸ்காருக்கு அடிமைகளை வாங்கச் சென்றார் என்பதை நோக்கின், இக்குருட்டுத்தன்மை ஒருவருடையதன்று, ஒரு காலத்துடையது என்பது விளங்கும்.

பிற்காலத்தில் இந்நூலைக் கற்பித்தல் முறைக்கு உதாரணமாக்கினார் ரூசோ. அதன் உழைப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு பிரார்த்தனைகளை ஒதுக்கிவைத்தார் மார்க்ஸ். பிரார்த்தனைகளை ஒதுக்காமல் படிப்பதே டீபோவுக்கு நாம் செய்யும் நீதி. அதேவேளை, தனக்கென மீட்பின் ஆழ்பொருளைக் கண்டடைந்தவன், அதே சொல்லைச் சூரிக்கு மறுத்ததையும் மறவாமல் படித்தல் வேண்டும்.