கல்லில் நின்ற நாய்: எடுத்தனூர், ஆதகூர் நினைவுக்கற்கள் காட்டும் மனித – நாய் உறவு

ஆய்வுச்சுருக்கம்

நாயின் நன்றியுணர்வு தமிழில் பழமொழியாகவும் உவமையாகவும் பெருவழக்குப் பெற்றது. அதே நாய் இழிவைச் சுட்டும் சொல்லாகவும் நெடுங்காலமாக ஆளப்பட்டு வருகிறது. இவ்விரு வழக்குகளுக்கும் அப்பால், குறிப்பிட்ட ஒரு நாயைப் பெயர் சொல்லி, அதன் செயலைக் கல்லில் எழுதிவைத்த சான்றுகள் தென்னிந்திய வரலாற்றில் உள்ளன. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல்லையும், கன்னட நாட்டின் ஆதகூர்க் கல்வெட்டையும் சங்க இலக்கியச் செய்திகளோடும் இலக்கண மரபோடும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நாயின் விசுவாசம் இக்கற்களில் பொதுப்பண்பாகப் போற்றப்படவில்லை. தனியொரு உயிரின் செயலாகவே பதிவாகியுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நடுகல், எடுத்தனூர், கோவிவன், ஆதகூர், காளி, ஞமலி, ஞாளி, விரவுப்பெயர்.

முன்னுரை

வரலாற்று ஆவணங்கள் பெரும்பாலும் அரசர், கொடை, போர், நிலம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. வீட்டு விலங்குகள் அவற்றில் இடம்பெறும்போது எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றன. கோயில் விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளும் பசுக்களும் இத்தனை என்று சொல்லப்படுமேயன்றி அவற்றுள் ஒன்றன் பெயரேனும் கூறப்படுவது அரிது. இந்நிலையில் ஒரு நாயின் பெயர் கல்வெட்டில் இடம்பெறுவது தற்செயலான செய்தியன்று. அப்பெயரை எழுதவேண்டும் என்று ஒருவர் எண்ணியிருக்கவேண்டும். ஊரார் அதனை ஏற்றிருக்கவேண்டும். கல்தச்சர் அதற்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கவேண்டும். அவ்வாறு எண்ணச் செய்த உறவு எத்தகையது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

சங்க இலக்கியத்தில் நாயின் இருநிலை

சங்க நூல்கள் நாயை ஞமலி, ஞாளி என்னும் சொற்களாலும் குறிக்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் குருளை என்கிறது. அப்பெயரை நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் பொதுவாக்குகிறது. பெண்நாயைப் பாட்டி எனக் குறிப்பதும் அவ்வியலே. வேட்டையாடும் விலங்கும் வேட்டையாடப்படும் விலங்கும் ஒரே பெயரின்கீழ் வருவது, இச்சொற்கள் காட்டோடு பழகிய மக்களின் வழக்கிலிருந்து எழுந்தவை என்று கருத இடமளிக்கிறது.

நாய்க்கு இருந்த சமூக மதிப்பு எல்லா இடத்தும் ஒன்றாக இல்லை என்பதைப் பெரும்பாணாற்றுப்படை தெளிவாகக் காட்டுகிறது. அந்நூலில் எயினர் நாயோடு சென்று புதர்களை அலைத்து முயல் வேட்டையாடுகின்றனர். அதே நூல் அந்தணர் இல்லத்தைப் பாடுமிடத்து, கோழியும் நாயும் அணுகாத மெழுகிய மனை என்று அதன் தூய்மையைப் புலப்படுத்துகிறது. ஒரே பாணன் செல்லும் ஒரே வழியில் ஓரிடத்தில் நாய் தொழில்துணை. மற்றோரிடத்தில் விலக்கப்பட்ட உயிர். ஆகவே, 'பழந்தமிழர் நாயைப் போற்றினர்' என்றோ 'இகழ்ந்தனர்' என்றோ பொதுப்படக் கூறுவது பொருந்தாது. எந்நிலத்தார், எத்தொழிலார் என்பதைப் பொறுத்தே அம்மதிப்பு அமைந்தது.

புறநானூற்றின் 74ஆம் பாடல் இன்னொரு கோணத்தைத் தருகிறது. சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தன் நிலையைச் சங்கிலியால் கட்டுண்ட நாயின் நிலையோடு ஒப்பிட்டு நொந்துகொள்கிறான். நாய் கட்டிவைத்து வளர்க்கப்பட்டது என்னும் செய்தியும், அக்கட்டு மானமுடைய ஒருவனுக்கு இழிவின் எல்லையாகத் தோன்றியது என்னும் செய்தியும் இவ்வுவமையால் ஒருங்கே பெறப்படுகின்றன.

அகநானூற்றில் நாய் நகைச்சுவை தோன்றவும் இடம்பெறுகிறது. பரணர் பாடிய 122ஆம் பாடலில், இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளைத் தலைவி அடுக்கிச் சொல்கிறாள். ஊர் உறங்கினால் அன்னை உறங்குவதில்லை. அன்னை உறங்கினால் காவலர் சுற்றி வருகின்றனர். காவலரும் உறங்கினால் கூரிய பற்களும் வலமாகச் சுருண்ட வாலும் உடைய நாய் குரைக்கிறது. நாயும் ஓய்ந்தால் நிலவு, பின் கூகை, பின் கோழி என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் அடங்கிய ஒருநாளில் தலைவன் வரவில்லை. ஊதியம் பெறும் காவலர் உறங்கிய பின்னும் விழித்திருப்பது நாய் என்பது இவ்வடுக்கில் பொதிந்துள்ள நுட்பம். அக்காவல் காதலர்க்குத் தொல்லையாகிறது. ஆயினும் அதன் கடமையுணர்வை மறுக்க இயலவில்லை. வாலின் சுழி எப்பக்கம் என்பதுவரை புலவர் நோக்கியிருப்பது, வீட்டு நாயோடு கொண்ட நெருங்கிய பழக்கத்திற்குச் சான்றாகும்.

நடுகல் மரபும் விலங்குகளும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகக் கூறுகிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் பெருவழக்காக இருந்த நிலப்பகுதிகளில் இக்கற்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலந்தொட்டு எழுத்துடன் கூடிய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் பல இன்றும் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்பெறுகின்றன.

இம்மரபு மனிதரோடு நின்றுவிடவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த சண்டைக்கோழி ஒன்றுக்குக் கல் எடுக்கப்பட்டுள்ளது. இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழி ஒன்றுக்கு எடுக்கப்பட்ட கல், அதன் பெயரைப் பொற்கொற்றி எனக் குறிக்கிறது. சேரியின் சார்பாகப் பொருத உயிர், வீரனுக்குரிய சிறப்பைப் பெற்றது. யார் பொருட்டு, எதைக் காத்து அல்லது எதை எதிர்த்து நின்றது என்பதே நடுகல்லுக்கு உரிய தகுதியாகக் கொள்ளப்பட்டது. பிறப்பால் மனிதனா விலங்கா என்பது தடையாகவில்லை.

எடுத்தனூர்க் கோவிவன்

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் மயீந்திர பருமன் என்னும் அரசனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. இவ்வரசன் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எனக் கொள்ளப்படுவதால், கல்லின் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியாகிறது. வட்டெழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு, வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளின் பொருட்டு இறந்துபட்ட செய்தியைத் தெரிவிக்கிறது.

கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாயைப் பற்றித் தனியே ஓர் எழுத்துப் பொறிப்பும் உண்டு. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்த செய்தியை அது கூறுகிறது.

இப்பொறிப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, எண்ணின் துல்லியம். கள்ளர் பலரை விரட்டியது என்று மிகைப்படுத்தாமல் இருவர் என்று வரையறுத்துச் சொல்வது, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பதிவுசெய்யும் நோக்கத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, பெயர்களின் அமைவு. கள்ளர் இருவரும் பெயரின்றி நிற்க, நாய் பெயரோடு நிற்கிறது. மூன்றாவது, வினைச்சொற்களின் வேறுபாடு. வீரனுக்குரிய வினை 'படுதல்'. நாய்க்குரிய வினை 'காத்திருத்தல்'. நாய் இறந்தது என்று கல் கூறவில்லை. வீரன் வீழ்ந்த பின் அது பிழைத்திருந்ததா, உடன் மாய்ந்ததா என்பதைக் காட்டிலும், அது அவ்விடத்தை விட்டு அகலவில்லை என்பதே எழுதுவோர்க்கு முதன்மையாகப் பட்டிருக்கிறது.

'காத்தல்' என்னும் வினை தமிழில் பாதுகாத்தலையும் எதிர்பார்த்திருத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. கல்வெட்டின் சொல் முதற்பொருளிலேயே வந்ததாகக் கொள்வது பொருத்தம். எனினும் கால்நடையையும் அதன் உடையவனையும் விட்டுப் பிரியாமல் நின்ற ஓர் உயிரைக் குறிக்க இதனினும் ஏற்ற சொல் அமைவது அரிது.

பெயரும் இலக்கணமும்

கோவிவன் என்னும் பெயர் 'அன்' ஈறு பெற்று வந்துள்ளது. அஃறிணை உயிருக்கு ஆண்பால் ஈறு பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். தமிழ் இலக்கணம் இதற்கு இடமளித்தே உள்ளது. இருதிணைக்கும் பொதுவாக வரும் பெயர்களைத் தொல்காப்பியப் பெயரியல் விரவுப்பெயர் என வகைப்படுத்துகிறது. சாத்தன் என்னும் பெயர் மனிதனுக்கும் எருதுக்கும் வரும் என்றும், வினைமுடிவே திணையைத் தெளிவிக்கும் என்றும் உரையாசிரியர் விளக்குவர். மக்கள் தம் கால்நடைக்கும் வளர்ப்புயிர்க்கும் ஆட்பெயர் இட்டு அழைத்த வழக்கே இவ்விதிக்குப் பின்புலமாதல் வேண்டும். பின்னாளில் நன்னூலும் உவப்பு, உயர்வு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருவதை ஏற்றுக்கொள்கிறது.

பெயரிடுதல் என்பது கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் உயிர்க்கே பெயர் வேண்டும். எனவே கல்லில் உள்ள பெயர், அந்நாய் உயிரோடிருந்த காலத்தில் நாள்தோறும் ஒலித்த பெயராகவே இருந்திருக்கும். எழுதப்பட்ட செயல் ஒருநாள் நிகழ்ச்சி. பெயர் காட்டுவதோ அதற்கு முன்னிருந்த நெடுநாள் உறவு.

ஆதகூர்க் காளி

எடுத்தனூர்க் கல்லுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் நிறுவப்பட்ட கல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கி.பி. 949–950ஐச் சேர்ந்த இக்கன்னடக் கல்வெட்டு தமிழக வரலாற்றுக்கும் இன்றியமையாதது. தக்கோலப் போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனைக் கங்க அரசன் இரண்டாம் பூதுகன் கொன்ற செய்தியை இது கூறுகிறது. தமிழ் மரபில் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்' என்று நினைக்கப்படும் இளவரசனின் மறைவுச் செய்தி, ஒரு நாயின் நினைவுக்காக எழுந்த கல்லில் இடம்பெற்றுள்ளது.

பூதுகனின் வீரனாகிய மணலேரனின் ஆற்றலில் மகிழ்ந்த இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணன், வேண்டியதைக் கேட்குமாறு பணித்தான். மணலேரன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் அந்நாய் பெரும் பன்றி ஒன்றின்மீது ஏவப்பட்டது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மாய்ந்தன. அதன் நினைவாக ஆதகூர்ச் சிவன் கோயில் முன் கல் நடப்பட்டு, நிலமும் விடப்பட்டது. அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்ணும் பூசகரைப் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு எச்சரிக்கிறது. நாயும் பன்றியும் பொரும் காட்சி செதுக்கப்பெற்ற இக்கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரு கற்களும் இருவேறு உறவுநிலைகளைக் காட்டுகின்றன. கோவிவன் எருமை மேய்க்கும் குடியின் காவல் நாய். காளி அரசவையிலிருந்து பரிசாகப் பெற்ற வேட்டை நாய். முன்னது உடைமையைக் காக்க நின்றது. பின்னது உடையவனின் ஏவலால் உயிர் துறந்தது. பேரரசன் வரம் கேட்கச் சொன்னபோது நாயைக் கேட்டவன், அதனை இழந்தபின் நிலக்கொடையும் நாள்வழிபாடும் ஏற்படுத்தியது அவன் பற்றின் அளவைக் காட்டுகிறது. எனினும் பன்றியின்மீது அந்நாயை ஏவியதும் அதே பற்றுடைய தரப்பே என்பதையும் மறத்தலாகாது. இவ்வன்பு உடைமையாளனின் அன்பு. அதற்குரிய விலையைக் கொடுத்தது நாய்.

இகழ்ச்சியும் நன்றியும்

இலக்கிய மரபில் நாய் பெற்ற இடம் இக்கற்களுக்கு மாறாகத் தோன்றும். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தம்மை நாயினும் கடைப்பட்டவராகப் பலகால் கூறிக்கொள்கிறார். ஆயினும் அவ்விழிவுரையில் உரிமையும் கலந்திருக்கிறது. நாய்க்கு உடையவன் ஒருவன் உண்டு; எனவே தம்மை நாய் என்பவர் தமக்கோர் உடையவன் உண்டென்றும் கூறுகிறார்.

நாலடியார் நட்பாராய்தல் அதிகாரம் இதனை வெளிப்படையாக எடுத்துரைக்கிறது. யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ உடையவன் எறிந்த வேல் தன் உடலில் தைத்திருக்கவும் அவனைக் கண்டு வாலாட்டும். ஆகவே யானை போன்றாரை விட்டு நாய் போன்றாரின் நட்பைக் கொள்க என்கிறது அப்பாடல். உயர்வாக எண்ணப்படும் விலங்கைத் தாழ்த்தி, தாழ்வாக எண்ணப்படும் விலங்கை உயர்த்துவதில் அதன் வலிமை உள்ளது. ஆனால் அங்கும் நாய் ஓர் உவமையே. அறம் கூறும் நூலுக்கு எல்லா நாயும் ஒரு நாய். நடுகல்லுக்கோ அந்த ஒரு நாயே நாய்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. நாயைப் பற்றிய பழந்தமிழ் மதிப்பீடு நிலம், தொழில், குடி ஆகியவற்றுக்கேற்ப வேறுபட்டது. வேட்டையும் கால்நடை வளர்ப்பும் சார்ந்த வாழ்வில் நாய் துணையாக மதிக்கப்பெற்றது. அவ்வாழ்வின் நினைவு வடிவமாகிய நடுகல்லிலேயே அது பெயரும் உருவும் பெற்றது. விலங்குக்கு ஆட்பெயர் வழங்கும் இலக்கண மரபு இதற்குத் துணை நிற்கிறது. எடுத்தனூர்க் கல் காவலையும், ஆதகூர்க் கல் உயிரிழப்பையும் முதன்மைப்படுத்துகின்றன.

நாயின் தரப்பிலிருந்து எழுதப்பட்ட சான்று எதுவும் இருத்தல் இயலாது. கிடைப்பவை அனைத்தும் அதன் துணையைப் பெற்ற மனிதரின் கடன்பத்திரங்களே. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லின் சிறப்பு அதன் அடக்கத்தில் உள்ளது. நன்றி, அன்பு, விசுவாசம் என்னும் சொற்கள் எவையும் அதில் இல்லை. ஒரு பெயர், இரு கள்ளர், ஒரு காவல் ஆகியவை மட்டுமே உள்ளன. கோவிவன் ஆற்றியதைச் சொல்ல அவையே போதும் என அதனைப் பொறித்தோர் கருதினர்.