மரைக்காயர் கோட்டை – 11: வேளை தவறிய தீச்சுடர்

சென்ற இதழில் 1600-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் தேதிக்கு வாசகர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். தலையில் கறுப்புத் துணி கட்டி, கையிலிருந்த வாளின் நுனியைத் தரை நோக்கித் தாழ்த்தியபடி நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர் தம் கோட்டையிலிருந்து வெளிவந்த காட்சியை இவ்வாரம் சொல்வதாக வாக்களித்தும் இருந்தோம். ஆனால் அந்த வாள் எத்தகைய வெற்றியைக் கண்ட பிறகு தாழ்ந்தது என்பதை அறியாதவர்களுக்கு, அக்காட்சி ஒரு கொள்ளைக்காரன் பிடிபட்ட கதையாகத் தோன்றிவிடக்கூடும். ஆகையால் சரியாக ஓராண்டு பின்னால் சென்று, 1599 மார்ச் மாதத்தில் ஓர் இரவு அக்கோட்டையின் முன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு வருவது அவசியமாகிறது.

கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளாக இருந்த முதல் மூன்று மரைக்காயர்களின் சரித்திரமும், 1538-இல் நம் இராமநாதபுரத்துக் கரையில் வேதாளையில் அவர்களுடைய கப்பற்படை சிதறுண்டதும், 1571-இல் சாமூதிரியின் சேனை சாலியம் கோட்டையைப் போர்த்துக்கீசியப் பறங்கியரிடமிருந்து பிடுங்கி இடித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. அந்தச் சாலியத்து வெற்றிக்குப் பின்னர்தான், மூன்றாம் மரைக்காயருக்குக் கோட்டை கட்டிக்கொள்ளச் சாமூதிரி அனுமதியளித்தார். வடகரைக்குத் தெற்கே, குற்றியாடி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் எழுந்தது அந்தக் கோட்டக்கல் கோட்டை. கோட்டக்கல் என்றவுடன் வைத்தியசாலையை நினைத்துக்கொள்ளும் நம்மவர்கள் இது வேறு கோட்டக்கல் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். ஆறும் கடலும் மூன்று புறம் காவல் நிற்க, தரைப்பக்கத்தை அகழியும் மதிலும் பீரங்கிகளும் காத்தன. முப்பது நாற்பது பேர் துடுப்புப் போடும் லேசான படகுகள், பறங்கியரின் பெருங்கப்பல்கள் நுழைய முடியாத கழிகளுக்குள் புகுந்து மறைந்து, காற்று ஓய்ந்த வேளையில் ஐந்தாறாகச் சேர்ந்து வெளிப்பட்டு, அசைய மாட்டாமல் நிற்கும் கப்பலைச் சூழ்ந்துகொள்ளும்.

மரைக்காயர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதி வைத்தவர்கள் யார் என்பதை மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். பல நூறு ஆண்டுகளாக அராபியரும் குஜராத்தியரும் சோனகரும் யாரையும் கேளாமல் போய்வந்த கடலில், தம்மிடம் சீட்டு வாங்காத கப்பலைச் சரக்கோடு பறிமுதல் செய்வோம் என்று சட்டம் விதித்த பறங்கியரே அவர்கள். மரைக்காயரின் ஆட்கள் மலையாளக் கரையின் வணிகர்களையும் சில சமயம் விட்டுவைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. அதை மறைப்பது சரித்திரத்துக்கு அழகன்று. ஆயினும் கடலையே தனது சொத்தென்று பிரகடனம் செய்தவனுக்கும், அவனை எதிர்த்த கைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது நியாயமாகாது.

1595-இல் பதவிக்கு வந்த நான்காம் மரைக்காயருக்கும் சாமூதிரிக்கும் மனம் முறிந்ததற்கு, அரசரின் யானை ஒன்றின் வாலை மரைக்காயர் வெட்டிவிட்டார் என்பதையே காரணமாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. யானையின் வால் ஒரு சாக்கு என்பதே நமது அபிப்பிராயம். தம் ராஜ்யத்துக்குள் தமக்கு அடங்காத ஒரு கோட்டையும், தம்மை அரசரென்று சொல்லிக்கொள்ளத் தயங்காத ஒரு தளபதியும் எழுந்துவிட்டதைச் சாமூதிரியால் பொறுக்க முடியவில்லை. கோவாவிலிருந்து வந்த பாதிரிமார்கள் அந்தப் புண்ணைக் கிளறிக்கொண்டேயிருந்தார்கள். முப்பாட்டன் காலம் முதல் தம் குலத்துக்காகக் கடலில் ரத்தம் சிந்திய குடும்பத்தை ஒழிப்பதற்கு, தம் நகரத்தின்மீது பீரங்கி சுட்ட அந்நியனோடு கைகோத்த அரசரை மன்னிக்க நம்மால் இயலாது.

கோட்டைக்குள் மரைக்காயரின் பக்கத்தில் இருந்தவர்களில் சீனாலி என்ற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் சீனர். மலாக்காவில் ஊழியக்காரராக இருந்து, பறங்கிப் படகொன்றில் வந்தபோது மரைக்காயரின் ஆட்களிடம் பிடிபட்டார். அடிமைச் சந்தையில் விலைபோயிருக்க வேண்டிய அம்மனிதரிடம் என்ன கண்டாரோ, மரைக்காயர் அவரைத் தம்முடனேயே வைத்துக்கொண்டு, சிறிது காலத்தில் தம் காரியங்கள் அனைத்தையும் நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு உயர்த்திவிட்டார். இந்தத் தகவலை நமக்குத் தருபவர் தியோகோ தொ கூட்டோ. கோவாவில் ஆவணக் காப்பாளராக இருந்த பறங்கிச் சரித்திர ஆசிரியர். கிறிஸ்தவர்களுக்குச் சீனாலியைவிடக் கொடிய பகைவன் மலையாளக் கரையில் இல்லையென்று வெறுப்போடு எழுதுகிறார். பகைவனின் எழுத்தாணி அவ்வளவு கசந்து எழுதுமானால், அந்தச் சீனர் பறங்கியருக்கு எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்க வேண்டும்! கண்காணாத தேசத்தில் பிறந்து, அடிமையாக அலைந்து, மலையாளத்து ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றுக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்த அவரைப் பற்றிப் பெயரைத் தவிர வேறு எதையும் நம் பக்கத்தார் எழுதி வைக்கவில்லை என்பது பெருங்குறை.

இனி அந்த இரவு. பறங்கிப் படையை நடத்திவந்தவர் தொம் லூயிஸ் த காமா; கோவாவில் ராஜப் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ்கோ த காமாவின் சகோதரர். 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய வாஸ்கோ த காமாவுக்கு இவ்விருவரும் கொள்ளுப்பேரர்கள். நூற்றோராண்டு கழித்து அதே வம்சம் அதே கரைக்கு, இம்முறை அதே சாமூதிரி வம்சத்தின் துணையோடு வந்தது.

யுத்தத்துக்கு வகுத்த திட்டம் சுலபமானது. தரைப்பக்கத்திலிருந்து சில நூறு பறங்கியரும் சாமூதிரியின் நாயர் படையும் மதிலைத் தாக்க, அதே வேளையில் லூயிஸ் த சில்வா என்பவர் தலைமையில் இன்னொரு படை ஆற்றைக் கடந்து மறுபக்கத்தில் ஏற வேண்டும். கோட்டைக்குள் இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் திகைக்க வேண்டும். இரு படைகளுக்கும் இடையே இருட்டும் தண்ணீரும் இருந்தபடியால், ஈட்டி முனையில் தீ மூட்டி உயர்த்துவதே அடையாளம் என்றும், விடியலுக்குச் சற்று முன்பு அது உயர வேண்டுமென்றும் பேசி முடித்தார்கள்.

தீ நள்ளிரவிலேயே உயர்ந்துவிட்டது. எவர் கை அவசரப்பட்டதோ, அந்த ஒரு கையினால் மாதக்கணக்கான பிரயாசை பாழாயிற்று. தரைப்பக்கத்துப் படை சுடரைக் கண்டவுடன் ஆரவாரத்தோடு மதிலை நோக்கிப் பாய்ந்தது. ஆற்றைக் கடக்க வேண்டியவர்களோ இன்னும் படகேறவில்லை. ஆகவே மரைக்காயருக்கு ஒரு நேரத்தில் ஒரு பகைவரைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்தது. தரைப்பக்கத்தில் வந்தவர்களை மதிலிலிருந்து பொழிந்த குண்டுகள் முறித்துத் திருப்பின. அதன்பின், வெளுக்கும் வேளையில், த சில்வாவின் படகுகள் ஆற்றைக் கடந்தபோது கோட்டை முழுவதும் அவருக்காகவே காத்திருந்தது. கரையில் கால் வைத்த சிறிது பொழுதுக்குள் த சில்வா குண்டுபட்டு மாண்டார். தலைவனை இழந்த படைக்குத் திரும்பும் வழியும் சரியாக வாய்க்கவில்லை. கவசத்தின் கனத்தோடு ஆற்றில் குதித்தவர்களைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. கொல்லப்பட்டவர்களைப் போலவே மூழ்கிப் போனவர்களும் ஏராளம். தொம் லூயிஸ் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, ஓடிவந்தவர்களை மீண்டும் போருக்குத் திருப்பிவிட முயன்றார் என்பர். அவருடைய கூக்குரலைக் கேட்பார் எவரும் இல்லை. இந்தியாவில் பறங்கியர் அதுவரை கண்டிராத அவமானம் என்று அவர்களே ஒப்புக்கொண்ட தோல்வி அது.

தீச்சுடர் வேளை தவறாமல் உயர்ந்திருந்தால் கோட்டை அன்றே விழுந்திருக்கும் என்று வாதிப்பவர்கள் உண்டு. விழுந்திருக்கலாம். ஆனால் பகைவன் செய்த தவறை அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டு, தன் ஆட்களை மதிலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இருட்டில் கலையாமல் நகர்த்துவதற்குப் பயின்ற படையும் பதறாத தலைவனும் வேண்டும். கூலிக்குக் கூடிய கொள்ளைக் கூட்டம் அதைச் செய்யாது.

அதன்பிறகு இஸ்லாத்தின் காவலர் என்றும் பறங்கியரை விரட்டியவர் என்றும் மரைக்காயர் பட்டங்கள் சூட்டிக்கொண்டார். இதை அகந்தையென்று பிற்காலத்தவர் கண்டிப்பதுண்டு. அந்த இரவை வென்றவருக்கு அந்த உரிமை உண்டென்றே நாம் கருதுகிறோம். அப்பட்டங்கள் சாமூதிரியின் பயத்தை மேலும் வளர்த்தன என்பதே வருந்தத்தக்கது.

கோவா அடுத்துத் தேர்ந்தெடுத்த தளபதி அந்திரே புர்த்தாதோ த மெந்தோன்சா. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இப்பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1591-இல் அந்நாட்டின்மேல் படையெடுத்துச் சென்று, அரசரைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றியவர் இவரே. வீரத்தை நம்பி மதிலில் மோதும் இனத்தைச் சேர்ந்தவரல்லர். சாமூதிரியோடு செய்த உடன்படிக்கையை முதலில் இறுக்கிக்கொண்டார்; பிறகு, கோட்டைக்குள் இருக்கும் வாய்கள் எத்தனை, அவற்றுக்கு அரிசி எந்த வழியாக வருகிறது என்பதை விசாரித்து, ஆற்றின் வாயில் தம் கப்பல்களை நிறுத்தினார். கடல் வழியையும் தரை வழியையும் ஒருசேர அடைத்த அந்த முற்றுகையையும், உயிருக்கு உத்தரவாதம் தருவதாகச் சாமூதிரி கொடுத்த வாக்கையும், அது கோட்டை வாசலிலேயே என்ன ஆயிற்று என்பதையும் அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.

(தொடரும்)