பார்க்கின்சன் நோயைப் படம்பிடித்த வரலாறு

பார்க்கின்சன் நோய் அல்லது நடுக்குவாதம் என்பது, நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளை உருவாக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் நோயாகும். கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவுகளில் மந்தம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இவை வெளியே தெரியும்போது அச்செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். அந்த இழப்பை முன்கூட்டியே காணும் முயற்சி, கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த ஒன்றாகும்.

இறந்தபின் கிடைத்த அறிவு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறுநூலில் ஆறு பேரைக் கொண்டு இந்நோயை விவரித்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். 1919இல் கான்ஸ்டன்டின் திரெத்தியாகோஃப், பாரிசில் அளித்த ஆய்வேட்டில், நோயாளிகளின் நடுமூளையில் சப்ஸ்டான்சியா நைக்ரா என்னும் கருநிறப் பகுதி சிதைந்திருப்பதைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்நிகிவிச் ஆகிய இருவரும், அப்பகுதியின் நரம்பிழைகள் சென்று சேரும் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதை அளந்து கண்டனர். நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் இறந்தவர்களின் மூளையில் கண்டவை.

1970களில் சி.டி. ஸ்கேனும், அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வந்தன. மூளைக்கட்டி, பக்கவாதம் போன்றவை இல்லை என உறுதிசெய்ய இவை உதவின. ஆனால் பார்க்கின்சன் நோயாளியின் மூளை இப்படங்களில் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றியது.

உயிருள்ள மூளையில் டோபமைன்

1983இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கார்னெட் குழுவினர் வேறு வழியைக் கையாண்டனர். டோபமைனாக மாறக்கூடிய டோபா மூலக்கூற்றில் கதிரியக்க ஃபுளோரின்-18ஐ இணைத்து, அதை உடலில் செலுத்தி, பெட் ஸ்கேன் மூலம் படமெடுத்தனர். உயிருள்ள மனித மூளையில் டோபமைன் இருக்கும் இடம் முதன்முறையாகத் தெரிந்தது.

இதன் ஆற்றலை ஒரு துயர நிகழ்வு வெளிப்படுத்தியது. 1982இல் கலிபோர்னியாவில், எம்.பி.டி.பி. என்னும் நச்சு கலந்த போலி ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோயினர். அதே நச்சுக்கு ஆளாகியும் நலமாகத் தோன்றிய சிலரைக் கனடாவில் டொனால்ட் கால்ன் குழுவினர் பெட் ஸ்கேன் செய்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். அறிகுறி இல்லாத அவர்களின் மூளையிலும் டோபமைன் செயல்பாடு குறைந்திருந்தது. நடுக்கம் வரும் முன்பே இழப்பைக் காணமுடியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

ஃபுளோரின்-18இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 110 நிமிடங்கள். ஆகவே அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் வெகுதொலைவில் இருக்கக்கூடாது. ஏறத்தாழ 13 மணி நேர அரைவாழ்வுள்ள அயோடின்-123ஐக் கொண்ட டாட்ஸ்கேன் என்னும் மருந்து இத்தடையைக் குறைத்தது. இது 2000இல் ஐரோப்பாவிலும், 2011இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இம்மருந்தைச் செலுத்தி ஸ்பெக்ட் கருவியில் எடுக்கும் படத்தில், இயல்பான ஸ்ட்ரையேட்டம் கால்புள்ளி வடிவில் ஒளிரும். நோயாளியிடம் வால்பகுதி முதலில் மங்கி, முற்றுப்புள்ளி போலச் சுருங்கும்.

நோய் இல்லாதவர்களைப் பிரித்தறிவதிலும் இப்படத்துக்குப் பங்குண்டு. வேறு வகை நடுக்கம் உள்ளவர்களிடமும், சில மருந்துகளின் பக்கவிளைவால் நடுக்கம் வந்தவர்களிடமும் படம் பொதுவாக இயல்பாகவே இருக்கும். தேவையற்ற சிகிச்சையை இதனால் தவிர்க்கலாம். ஆனால் பார்க்கின்சன் நோயையும் அதை ஒத்த பிற சிதைவு நோய்களையும் இது தெளிவாகப் பிரித்துக் காட்டாது.

முன்கூட்டி அறிவதன் பொருள்

செல்களின் அழிவைத் தடுத்து நிறுத்துவதாக நிறுவப்பட்ட மருந்து இன்னும் இல்லை. இப்போதுள்ள மருந்துகள் அறிகுறிகளையே தணிக்கின்றன. எனவே நலமாக உள்ள ஒருவருக்கு இப்படம் எடுத்துக் குறை தெரிந்தாலும், அதைத் தடுக்க மருத்துவர் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை. ஆயினும் அத்தகைய மருந்து உருவானால், செல்கள் எஞ்சியிருக்கும் காலத்திலேயே அதைத் தொடங்க வேண்டியிருக்கும். யாருக்கு, எப்போது தொடங்குவது என்பதை அறிய இப்படங்கள் தேவைப்படும். முகரும் திறன் குறைந்தவர்களையும், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுபவர்களையும் ஆய்வாளர்கள் இன்று படமெடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது இதற்காகவே.