பாவித்த ஒலிபெருக்கியும் பெயர்ந்துபோன அயலும்: லுணுகலைப் பகுதிப் பண்ட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாறு இதுவரை பெரும்பாலும் மூவகைச் சான்றுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஏற்றுமதிக் கணக்குகள், சம்பளப் பதிவுகள், அரசியல் ஒப்பந்தங்கள் என்பனவே அவை. தொழிலாளியின் லயக் காம்பராவுக்குள் இருந்த பொருள்கள் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டமை மிக அரிது. அவற்றுள்ளும், வேறொருவர் பாவித்துக் கைமாறிய பொருள்களை நாம் அறவே கவனித்திலோம். புதிய பொருள் அதனை வாங்கியவரைப் பற்றி மட்டும் கூறும். பாவித்த பொருளோ விற்றவரைப் பற்றியும் கூறும். அவர் ஏன் விற்றார் என்ற வினாவை எழுப்பினால், அது அரசியல் வரலாற்றின் வாயிலிலே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். பழைய ஒலிபெருக்கிகளை முன்வைத்து இக்கூற்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பசறையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் வீதியில், ஊவா மலைகளின் கீழைச் சரிவில் அமைந்தது லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலான தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபோதும் லுணுகலைக்கு அது வரவில்லை. எப்பண்டமும் பதுளையில் இறங்கி, வீதிவழியாகவே இவ்வூரை அடைய வேண்டியிருந்தது. இவ்வூரை அண்டிய தோட்டமொன்றில் முதியவர் ஒருவரின் காம்பராவிலே நாம் கண்ட பொருள்கள் இரண்டு. ஒன்று, மண்பானையின் வாயிலே பொருத்தப்பட்ட பழைய வானொலி ஒலிபெருக்கி. மற்றது, யப்பானிலிருந்து பாவித்த பொருளாக வந்த ஒரு சோடி ஹைஃபை ஒலிபெருக்கிப் பெட்டிகள். இவ்விரண்டுக்கும் இடையிலான காலமே நமது ஆய்வுப் பொருள்.

ஒலியின் உடைமை

தோட்டத்திலே ஒலி நெடுங்காலமாக நிருவாகத்தின் உடைமையாக இருந்தது. விடியற்காலையில் தப்பொலி எழும்ப, பிரட்டுக்களத்திலே பெயர் பதியப்படும். பின்னர் மணியும் சங்கும் வேலைநேரத்தை வகுத்தன. தப்பு தொழிலாளியின் சொந்த வாத்தியமே. மாசி மாதத்துக் காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் அதுவே ஒலித்தது. எனினும் அதே தோற்கருவி விடியலில் துரையின் கட்டளையாக மாறியது. ஒரு மக்கட் கூட்டத்தின் கலைக் கருவி அவர்களது உழைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியாகவும் ஆக்கப்பட்டமை பெருந்தோட்ட முறைமையின் தன்மையை விளக்கப் போதுமானது.

இச்சூழலிலேதான் இயந்திர ஒலி நுழைந்தது. காந்த இடைவெளியில் தொங்கும் கம்பிச் சுருளைக் காகிதக் கூம்போடு இணைத்து இயக்கும் ஒலிபெருக்கி அமைப்பினை ரைஸ், கெலொக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் 1925இல் வெளியிட்டனர். இன்றுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை அதுவே. கொழும்பு வானொலி தொடங்கப்பட்டதும் அதே 1925ஆம் ஆண்டு டிசெம்பரிலாகும். 1949இல் அது இலங்கை வானொலியாயிற்று. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. அதன் தமிழ் ஒலிபரப்பு பாக்கு நீரிணையைக் கடந்து தென்னிந்தியாவிலும் பெருவிருப்புடன் கேட்கப்பட்டது. ஆயினும் கொழும்பிலிருந்து வந்த அக்குரல் லயத்துக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. அதுவரை பற்றரியில் இயங்கும் வானொலியே வழி. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குப் புதிய வானொலி எட்டாப் பொருளாகும். 1970 முதல் 1977 வரை நடைமுறையிலிருந்த கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு அதனை மேலும் எட்டாததாக்கியது. எனவே பலருக்குப் பாவித்த வானொலியே முதல் வானொலியாயிற்று. அது எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா.

அவசரத்தின் விலை

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமபாதியாகப் பிரித்தது. தலைமன்னாருக்கு இம்மக்களை ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அக்காலத்தின் ஒலி வரலாற்றை எழுதுவோர் இப்பெயரிலிருந்தே தொடங்கலாம்.

பயணம் உறுதியான குடும்பம் தன் பொருள்களை விற்றது. கப்பலேற்ற இயலாதவை, வழிச்செலவுக்குப் பணமாக்க வேண்டியவை, அக்கரையில் பயன்படுமோ என்று ஐயுறப்பட்டவை ஆகிய அனைத்தும் அயலாரிடமே விலைக்குப் போயின. ஏனெனில் வாங்கக் கூடியவர் அயலில் மட்டுமே இருந்தனர். நாம் சந்தித்த முதியவரும் 1970களின் நடுப்பகுதியில், பயணத்துக்கு ஆயத்தமான அடுத்த காம்பராக் குடும்பத்திடமிருந்து மரப்பெட்டி வானொலியொன்றை வாங்கியவரே. வாங்கிய விலையை நாம் கேட்டபோது அவர் உடனே விடை கூறவில்லை. “அவுங்க கேட்டதக் குடுக்கல, நாங் குடுத்தத வாங்கிக்கிட்டாங்க” என்று மட்டும் பின்னர் கூறினார். அவரிடமும் அன்று அதற்குமேற் பணமில்லை. உணவுப் பற்றாக்குறையினால் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த 1973–1974ஆம் ஆண்டுகளை அடுத்த காலம் அது. ஆயினும், அரைநூற்றாண்டின் பின்னும் அவ்விலை அவரை உறுத்துகின்றது.

இவ்வுறுத்தலைத் தனிமனித மனச்சாட்சியாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. பண்டத்தின் விலையை அதிலடங்கிய உழைப்பு நிருணயிக்கின்றது என்பது பொருளியலின் ஒரு வழக்கு. வற்புறுத்திப் பெயர்க்கப்படும் மக்களின் பொருளுக்கோ விற்பவரின் அவசரமே விலையாகின்றது. வண்டி புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும். ஏழை ஏழையிடம் மலிவாக வாங்க நேர்ந்தமைக்கு அவ்விருவரும் பொறுப்பாளிகள் அல்லர். இரு அரசுகள் மேசையிலமர்ந்து வகுத்த எண்களின் விளைவு, லயத்து வாசலிலே ஒரு வானொலியின் விலையாக இறங்கியது என்பதே உண்மை.

பானையும் பெட்டியும்

அவ்வானொலி காலப்போக்கிற் பழுதாயிற்று. முதியவர் அதன் ஒலிபெருக்கியை மட்டும் கழற்றி, மண்பானையின் வாயிலே முகம் கவிழ்த்துப் பொருத்தினார். தமிழகத்திலும் இலங்கையிலும் பலர் கையாண்ட இம்முறையை நகைப்புக்குரியதாகக் கொள்ளலாகாது. கூம்பு முன்னோக்கி அசையும்போது பின்புறத்தில் எதிர்மாறான அலை தோன்றுகின்றது. இரண்டும் வெளியிற் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பானை ஒருபுறத்து அலையைத் தன்னுள் அடைத்து அவ்வழிவைத் தடுக்கின்றது. எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954இல், மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக அமைத்துச் சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற்றார். அவரது கணிதம் லயத்தில் இருக்கவில்லை. ஆனால் அடைபட்ட காற்றின் பயனைக் காதினால் கண்டறிந்த அனுபவ அறிவு அங்கே இருந்தது.

யப்பானியப் பெட்டிகள்

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கதவைத் திறந்தது. ஆனால் அதே ஆண்டிலும் 1981இலும் மலையகத் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 1983 ஜூலையிற் பதுளை நகரத் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பினால் நாட்டின் பிற பகுதிகளுக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் வந்து சேர்ந்தன. கடவுச்சீட்டுப் பெற இயலாத நாடற்றவருக்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. ஆகவே தோட்டத்துக்குப் புதிய பொருளின் காலம் பிந்தி வந்தது. யப்பானிலே வேண்டாமென ஒதுக்கப்பட்டுக் கொள்கலன்களில் ஏற்றப்பட்ட பொருள்கள், கொழும்பையும் பதுளையையும் கடந்து லுணுகலைக்கு வந்தன.

இப்பெட்டிகளை வாங்குவோர் அறிய வேண்டிய சில செய்திகள் உள. யப்பானிய வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், நமது நாட்டிலோ 230 வோல்ட். எனவே அங்கிருந்து வரும் ஒலிமிகைப்பிக்கு மின்னழுத்தங் குறைக்கும் மாற்றி இன்றியமையாதது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அத்தகைய தடை இல்லை. 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி, மானியில் ஏறத்தாழ 6 ஓம் காட்டினால் சுருள் நலமாயுள்ளது எனக் கொள்ளலாம். கூம்பை இரு பெருவிரல்களால் மெதுவாக அழுத்தும்போது உரசும் ஓசை எழுமாயின் அதனை வாங்கலாகாது. கூம்பைச் சுற்றிய விளிம்பு நுரைப்பஞ்சாயின் அது காலத்தால் பொடியாகி உதிரும். இரப்பர் விளிம்பும் துணி விளிம்பும் நெடிது நிற்கும். ஊவாவின் வடகீழ்ப் பருவமழை ஈரமும், தேயிலைக்கு மணமூட்டும் ஆடி ஆவணி உலர்காற்றும் மாறி மாறித் தாக்குவதால், இங்கு பெட்டியின் மேலொட்டு மரத்தாளும் பிளவுபடும். உள்ளிருக்கும் மின்கொள்ளிகளும் முதுமையினால் தரங்குன்றும். விளிம்பையும் மின்கொள்ளியையும் மாற்றினாற் பெரும்பாலான பெட்டிகள் மீண்டும் பாடும்.

காந்தத்திலும் ஒரு வரலாறு உண்டு. பழைய ஒலிபெருக்கிகளுட் பல அலுமினியம், நிக்கல், கோபால்ற்று கலந்த அல்னிக்கோ காந்தம் கொண்டவை. 1978இல் சாயிர் நாட்டின் சாபா மாகாணத்திலே மூண்ட போரினால் கோபால்ற்றின் விலை பன்மடங்கு உயர, உற்பத்தியாளர் பலர் பெரைற்றுக் காந்தத்துக்கு மாறினர். அல்னிக்கோ அரிதாகவே, அக்காலப் பெட்டிகளை இன்று நகரத்து இசையார்வலர் உயர்விலை கொடுத்துத் தேடுகின்றனர். ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் உழைப்பை உள்ளடக்கிய பெட்டி ஊவாத் தேயிலைத் தொழிலாளியின் காம்பராவிலே பாடுகின்றது. அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். பண்டம் அவர்களை இணைக்கின்றது. சந்தை அவ்விணைப்பை மறைக்கின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகின்றோம். பழமையினால் விலையேறும் பெட்டியும் பழையதென்பதால் மலிந்துபோன வானொலியும் பாவித்த பொருள்களே. முன்னதை விற்றவர் மிகுதியால் விற்றார். பின்னதை விற்றவர் நிர்ப்பந்தத்தால் விற்றார். ‘பழம்பொருள்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டுவது வரலாற்றை அழிப்பதாகும்.

முடிவாக

1984இல் கப்பற் சேவை நின்றது. தாயகம் திரும்புவோர் பயணமும் நின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. போனவர்களுட் பலர் தமிழக அரசு 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் மீண்டும் கொழுந்து கிள்ளினர். இலங்கை வானொலி அங்கும் கேட்டது. லுணுகலையிலே தாம் விட்டுச்சென்ற பெட்டியில் எழுந்த அதே குரலை அவர்கள் நீலகிரியிற் கேட்டிருத்தல் கூடும்.

நாம் பார்த்த காம்பராவில் இப்போது பாடுவது யப்பானியச் சோடியே. பானை மூலையில் உள்ளது. அதனை ஏன் எறியவில்லை என்று வினவினோம். “அது அவுங்க சாமான்” என்றார் முதியவர். சட்டப்படி அது அவருடைய பொருள். ஐம்பதாண்டுகளாக அவரிடமே உள்ளது. ஆயினும் அதன் உடைமை தீர்ந்துபோனதாக அவர் கருதவில்லை. இத்தகைய பொருள்களையும் அவற்றைப் பற்றிய வாய்மொழிகளையும், வைத்திருப்போர் உயிருடன் உள்ளபோதே பதிவுசெய்தல் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். ஒப்பந்தத்தின் எண்கள் ஆவணக் காப்பகத்திலே பத்திரமாக உள்ளன. அவ்வெண்கள் அயலை எவ்வாறு பிரித்தன என்பதற்கான சான்றோ லயத்து மூலையில், பானைமீது, தூசி படிந்து கிடக்கின்றது.