வெந்நீர் ஊற்றில் ஒரு நொதி

சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் நாவில் இனிப்பு ஊறுவதை நாம் அறிவோம். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாகச் சிதைப்பதே அதன் காரணம். இத்தகைய நொதியை 1833ஆம் ஆண்டில் பாயேன், பெர்சோ ஆகிய பிரெஞ்சு வேதியியலார் முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து பிரித்தெடுத்தனர். கொதிநிலை வெப்பத்தில் அதன் ஆற்றல் அழிவதையும் கண்டனர். ஏன் அழிகிறது என்பதை விளக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

விடை வடிவத்தில் இருந்தது. நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது உரியவாறு மடிந்தால்தான் வினை புரியும். வெப்பத்தால் முட்டையின் வெண்கரு இறுகுவதுபோல், மடிப்புக் குலைந்தால் வினையும் ஒழியும். அச்சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதை 1963இல் வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர். புரத வடிவங்களைக் கண்டறிவோர் இன்றும் அப்படத்தைக் கொண்டே தம் முடிவைச் சரிபார்க்கின்றனர்.

இவ்வரலாற்றின் ஓர் ஏடு நமக்கு அருகிலேயே எழுதப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் விளிம்பில், உலு லங்காட்டில் உள்ளது டூசூன் துவா வெந்நீர் ஊற்று. அங்கிருந்தும் பேராக்கின் சுங்கை கிளா ஊற்றிலிருந்தும் பெற்ற அனாக்சிபேசில்லஸ் பாக்டீரியாக்களின் இரு அமிலேஸ்களைப் பற்றி மலேசிய ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தனர். ஒவ்வொன்றும் 506 அமினோ அமிலங்கள் கொண்டது. இரண்டும் 98 விழுக்காடு ஒத்தவை. 60 பாகை செல்சியசில் அவை மிகச் சிறப்பாக வினை புரிந்து, மால்டோஸ் சர்க்கரையை மிகுதியாகத் தந்தன.

சுங்கை கிளா நொதியின் படிக வடிவம் 2016இல் வெளியாயிற்று. அதில் கால்சியம் அயனி அமரும் இடங்கள் நான்கு காணப்பட்டன. அவற்றுள் மூன்று, அனாக்சிபேசில்லஸ் அமிலேஸ்களில் பெரிதும் மாறாதவை. கால்சியம் சேர்த்தபோது நொதியின் வினையும் மிகுந்தது. ஆனால் உறவுடைய வேறொரு பாக்டீரிய நொதியில் இவ்விளைவு இல்லை. குடும்ப ஒற்றுமையைக் கண்டு பண்பை ஊகித்தல் போதாது. ஒவ்வொன்றையும் சோதித்தே அறிதல் வேண்டும் என்பது இதன் பாடம்.

2003இல் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறியபோது, இத்தகைய செய்திகளைத் தமிழ் தாங்குமா என்னும் ஐயம் நம்மிடையேயும் எழுந்தது. ‘நொதி’ என்னும் சொல்லையே எண்ணிப் பார்ப்போம். மாவு புளித்துப் பொங்கும் நொதித்தலிலிருந்து பிறந்தது அது. ஐரோப்பியர் இப்பொருளுக்கு இட்ட பெயரும் புளித்த மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. இரு மொழிகளும் ஒரே அடுக்களையைக் கண்டே பெயரிட்டன.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, ஐயம் மொழியின்மேல் அன்று. நாம் அதைப் பயன்படுத்தாமையின்மேல் கொள்ளத்தக்கது. அடுத்த முறை அவ்வூற்றில் கால் நனைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அவ்வுயிர்களைத் தமிழிலேயே எண்ணிப் பார்ப்போம்.