மழைக் கணக்கு

மாணவர்களே! தாது வருஷத்துப் பஞ்சத்தின் பெயரை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 1876-இல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டாண்டுகளில் பல லட்சம் மக்கள் மாண்டனர். வருகின்ற பருவமழை எத்தகையது என்று முன்கூட்டியே உரைக்க இயலாதா என்ற வினா அப்பொழுது அரசாங்கத்தை வாட்டியது. 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு விடையை இமயமலையில் தேடினார். இளவேனிற்காலத்தில் அங்கே உறைபனி மிகுந்திருப்பின் தென்மேற்குப் பருவமழை குன்றும் என்பது அவர் கருத்து. அதன்படி 1886-இல் முறையான முன்னறிவிப்பு வெளியாயிற்று. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நன்மழை பெய்யும் என்றார். வந்ததோ கொடிய வறட்சி!

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். வானிலை நூல் பயின்றவரல்லர். (நம் இராமானுஜனுக்கு உதவி வேண்டிச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு 1913-இல் எழுதியவரும் இவரே.) உலகின் பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டி, எழுத்தர்களைக் கொண்டு ஓயாது கணக்கிட்டார். பசிபிக் மாகடலில் அழுத்தம் உயரும்போது இந்துமாகடலில் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. தராசுத் தட்டுக்களைப் போன்ற இவ்வாட்டத்திற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஆயினும் அதன் காரணத்தை அவரால் கூற முடியவில்லை. காரணம் கூறாத கணக்கை அறிஞர் பலர் நம்பவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்குமில்லை. 1958-இல் வாக்கர் மறைந்தார்.

1969-இல் யாக்கோப் பியர்க்னஸ், பசிபிக் கடல்நீர் வெப்பமுறும் எல் நினோவும் அவ்வலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று விளக்கினார். பின்னர் ஆராய்ச்சியாளர் பழங்குறிப்புகளைத் துருவினர். 1877-இல் இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது பசிபிக்கில் கடுமையான எல் நினோ நிலவியிருந்தது.