வாடகையும் காப்புறுதியும்

பிறர் மகவைத் தன் வயிற்றில் சுமந்து பெற்றுத் தருபவளை 'வாடகைத்தாய்' என்று தமிழில் வழங்குகின்றனர். வீட்டைக் காலி செய்ததும் வாடகைக் கணக்கு முடிந்துவிடும். மகப்பேற்றால் உடலுக்கு நேரும் துன்பமோ மகவு பிறந்த அன்றே முடிந்துவிடுவதில்லை. இவ்வுண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள எத்துணைக் காலம் பிடித்தது என்பதை இந்திய நாட்டின் வரலாறு புலப்படுத்துகிறது.

2004-இல் குஜராத் மாநிலத்து ஆனந்த் நகரில், இங்கிலாந்தில் வாழ்ந்த தம் மகளுக்காகத் தாய் ஒருவர் இரட்டைக் குழந்தைகளை ஈன்றளித்தார். பாசத்தால் விளைந்தது அது. பின்னர் அந்நகரிலேயே இது தொழிலாக வளர்ந்தது. தம் நாட்டினும் செலவு குறைவு என்பதால் வெளிநாட்டுத் தம்பதியர் நாடி வந்தனர். சுமந்தவரோ பெரும்பாலும் ஏழைப் பெண்கள்.

2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கருவுற்ற காலச் செலவையும் பேற்றுக்குப் பிந்திய மருத்துவச் செலவையும் தம்பதியரே ஏற்க வேண்டும் என்றன அவை. எனினும், அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. 2009-இல் சட்ட ஆணையம் தனது 228ஆம் அறிக்கையில், ஒப்பந்தத்தில் வாடகைத்தாய்க்கு ஆயுள் காப்புறுதி இடம்பெறுதல் வேண்டும் என வலியுறுத்தியது. 2015-இல் வெளிநாட்டினர்க்கு இவ்வழி அடைக்கப்பட்டது.

கூலியை அறவே விலக்குவதா என்னும் வினா அடுத்து எழுந்தது. 2017-இல் நாடாளுமன்ற நிலைக்குழு, சுமப்பவள் இழக்கும் ஊதியத்திற்கும் ஈடு வழங்குவதே முறை என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு மசோதா, கூலியை விலக்கி, மருத்துவச் செலவையும் 16 மாதக் காப்புறுதியையும் மட்டும் அனுமதித்தது. 2020-இல் மாநிலங்களவைத் தெரிவுக்குழு, பேற்றுக்குப் பின் எழும் சிக்கல்களைக் கருதி அக்காலத்தை 36 மாதமாக்கப் பரிந்துரைத்தது. 2021-இல் இயற்றப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் 36 மாதத்தையே ஏற்றது. நோய், இழப்பு, இறப்பு ஆகியவற்றுக்கு ஈடு தரும் பொறுப்பும் இதில் அடங்கும். சந்தாவைச் செலுத்துபவர் குழந்தையை நாடும் தம்பதியர்.

16 எங்கே, 36 எங்கே! இடைப்பட்ட இருபது மாதங்களே இவ்வரலாற்றின் பயன் எனலாம். ஆயினும், கருவைச் சுமந்த நாள்களில் அப்பெண் இழந்த ஊதியத்திற்குக் காப்புறுதி ஈடாகாது. 'வாடகை' என்னும் சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. வாடகையோ சட்டத்தால் நீங்கிவிட்டது. தாய்மையை விலை பேசலாகாது என்பது அறமே. ஆயின், அவ்வறத்திற்குரிய செலவை ஏழைப் பெண்ணொருத்தியே ஏற்குமாறு விடுவது அறமாகுமா என்பதையும் மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.